90 செ.மீ. தொட்டிக்கு மீனும் இறாலும்: எங்கள் பட்டியலைக் கொஞ்சம் பாருங்களேன்

சாட்ஸ்வொர்த்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கப்பியும் கோல்ட்ஃபிஷும் வளர்த்தவன். உப்புத்தண்ணீருக்குப் புதுசு. நாட்டை விட்டுப் போகிற ஒருவர் தன் ரீஃப் தொட்டியைப் பாறையோடு விற்றார், வாங்கிவிட்டேன். 90 நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப்படி 182 லிட்டர். பாறை, மணல் போக 150 இருக்கும். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) கிடையாது, அழுக்கை நுரையாக எடுக்கிற, பின்பக்கம் தொங்கும் ஸ்கிம்மர் மட்டும்.

தண்ணீர் ஓட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. உப்பு 1.025, சூடு 26 டிகிரி. நடுவில் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிந்தது, அதுவும் போய்விட்டது. பாறையோடு சோயாந்திட் பவளம் இரண்டு கொத்து, ஒரு காளான் பவளம் வந்தன, நன்றாக விரிகின்றன. கூடவே நாலைந்து அய்ப்டேசியாவும் (களை மாதிரிப் பெருகுகிற சின்னக் கடல் சாமந்தி) வந்திருக்கிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டி வைத்திருக்கிறாள், பாதி அவளுடையது, பாதி என்னுடையது. ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ஒரு ஜோடி, அதற்குக் குடியிருக்க ஒரு அனிமோன் (பெரிய கடல் சாமந்தி). பச்சை குரோமிஸ் ஆறு. ஃபயர்ஃபிஷ் இரண்டு. ராயல் கிராமா, சிக்ஸ்லைன் ராஸ், மாண்டரின் ஒவ்வொன்று. நீல டேங் மீன் ஒன்று (இது அவள் விடவே மாட்டாள்). அப்புறம் கிளீனர் இறால், அய்ப்டேசியாவுக்குப் பெப்பர்மின்ட் இறால், அழகுக்குக் கோரல் பேண்டட் இறால், துறவி நண்டு இருபது. பட்டியலைப் படித்த எங்கள் ஆயா, "இதுக்குப் பெரிய சட்டியா வாங்கிக் குழம்பே வெச்சிடலாமேடா" என்றார்கள்.

கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே ரீஃப் சேஃப் என்கிறார். யாரோடு யார் ஒத்துப்போவார்கள், யாரை முதலில் விட வேண்டும் என்று வளர்த்தவர்கள் சொன்னால் நல்லது.


கரைவலைப்பேரன் எழுதியது:

தம்பி, ஆயா சொன்னதில் பாதி உண்மை. இது 150 லிட்டருக்கான பட்டியல் இல்லை, ஒரு கல்யாண மண்டபத்துக்கான பட்டியல்.

ரீஃப் சேஃப் என்றால் பவளத்தைக் கடிக்காது என்று மட்டும்தான் அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரனை அடிக்காது என்று அதில் எங்கும் இல்லை. எங்கள் தாத்தா டர்பனில் கரைவலை இழுத்தவர். சின்ன வயதில் அவரோடு நின்று வலையில் ஏறியதைப் பிரித்திருக்கிறேன். எந்த மீன் எதைத் தின்னும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சொல்வது ஒன்றுதான்: அது எங்கே படுக்கும் என்று கேள். தொட்டி வைத்துப் பதினாலு வருஷமாகிறது, நானும் அதையே கேட்கிறேன். பகலில் எல்லா மீனும் சமத்தாக நீந்தும். விளக்கு அணைகிற நேரத்தில் பாருங்கள், ஒரே பொந்துக்கு மூன்று பேர் நிற்பார்கள். சண்டை அங்கேதான்.

உங்கள் பட்டியலை அந்தக் கண்ணோடு பார்க்கிறேன். நீல டேங் முதலில் போகட்டும். கடையில் தீப்பெட்டி அளவில் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி நீளம். ஆறடித் தொட்டி இல்லாமல் அதை வாங்குவது பாவம். மகளிடம் நீங்கள்தான் பேச வேண்டும், நான் வரவில்லை. பச்சை குரோமிஸ் கடைத் தொட்டியில் முப்பது சேர்ந்திருக்கும்போது கூட்டமாகத் தெரியும். வீட்டில் ஆறு விட்டால் மெலிந்ததை மற்றவை துரத்தித் துரத்திக் கொல்லும், அப்புறம் அடுத்த மெலிந்தது. என்னிடம் ஏழில் தொடங்கி ஒன்றில் முடிந்தது. அந்த ஒன்று ஐந்து வருஷம் ராஜாவாக வாழ்ந்தது.

சிக்ஸ்லைன் ராஸ் அழகுதான். ஆனால் தொட்டி முழுவதும் தன் வீடு என்று நினைக்கும் ஜாதி. அதற்குப் பிறகு விடுகிற எந்தச் சின்ன மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. ஃபயர்ஃபிஷோ பயந்த சுபாவம், கொஞ்சம் மிரட்டினாலும் தொட்டியை விட்டே குதித்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் என்றால் ஃபயர்ஃபிஷ். அதுவும் ஒன்று போதும். ஏற்கனவே ஜோடி சேர்ந்தது கிடைத்தால் தவிர, இரண்டு விட்டால் ஒன்று மற்றதை விரட்டும்.

க்ளவுன் சரி. கடலில் பிடித்ததை வாங்காதீர்கள், பண்ணையில் பொரித்தது கேளுங்கள், தொட்டிச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எடுங்கள். எல்லாமே ஆணாகப் பிறப்பவை, அதிகாரம் செய்கிறது பெண்ணாக மாறும். அளவில் வித்தியாசம் இருந்தால் யார் பெரியவர் என்ற வழக்கு சீக்கிரம் தீரும். அனிமோன் இப்போது வேண்டாம். தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும். புதுத் தொட்டியில் இடம் பிடிக்காமல் நடந்துபோய் வேவ்மேக்கரில் (அலை உண்டாக்கும் பம்ப்) சிக்கிக் கூழானால் மற்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகும். அனிமோன் இல்லாமலே க்ளவுன் சந்தோஷமாக இருக்கும். ஹீட்டரைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் க்ளவுனை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லவா? மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் துப்பாக்கி இறாலும். ஜோடியாக ஒரே வளையில் குடியிருப்பார்கள். இறாலுக்குக் கண் பார்வை மட்டம், ஆனால் நாள் முழுவதும் மண் வெட்டும். கோபி வாசலில் காவல். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையில் ஒன்றைக் கோபியின் மேலேயே வைத்திருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை உதறும், இரண்டும் உள்ளே. உங்கள் தொட்டியில் மணல் காலியாகத்தானே கிடக்கிறது, அந்த வீட்டுக்கு வேறு போட்டியாளர் கிடையாது. ஒரே நிபந்தனை: பாறை மணல் மேல் உட்காரக் கூடாது, அடிக் கண்ணாடி மேல் உட்கார வேண்டும். இறால் அடியில் தோண்டினால் மேலே இருப்பது சரிந்து கோபியோடு சமாதி.

அப்புறம் பெப்பர்மின்ட். இதில் நான் ஏமாந்தேன். பல வருஷத்துக்கு முன் ஒரு கடையில் பெப்பர்மின்ட் என்று நான்கு கொடுத்தார்கள். நல்ல சிவப்பு, பளிச்சென்று வெள்ளைக் கோடு. சாதாரணப் பெப்பர்மின்ட்டை விட எவ்வளவு அழகு என்று பெருமையாக வாங்கி வந்தேன். இரண்டு வாரத்தில் என் சோயாந்திட் கொத்து ஒன்று வழுக்கையானது. ராத்திரி சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து பந்தி நடக்கிறது. அய்ப்டேசியாவை ஒருவரும் தொடவில்லை. அது பெப்பர்மின்ட்டே இல்லை, ஒட்டக இறால். அறிவியல் பெயரைத் தேடினேன்: ரின்கோசினீட்டிஸ் டர்பனென்சிஸ். 1936-இல் நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். டர்பன்காரனை டர்பன்காரனே ஏமாற்றிய கதை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒட்டக இறாலுக்கு முதுகில் தெளிவான கூன், பெரிய கண், நெற்றி முள் கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் ஆடும். சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும். பெப்பர்மின்ட் பாதி கண்ணாடி மாதிரி உடம்பு, நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள், வெள்ளையே கிடையாது. உங்களிடமும் சோயாந்திட் இருக்கிறது, கவனம்.

விடுகிற வரிசை: ஃபயர்ஃபிஷ் முதலில், அப்புறம் கோபியும் இறாலும், பிறகு க்ளவுன், கடைசியில் ராயல் கிராமா. பயந்தவன் முதலில் வீடு பிடிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.


உப்புத்தண்ணி அக்கா எழுதியது:

கரைவலைப்பேரன் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். மாண்டரினை விட்டுவிட்டாரே, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பாவம் என்னுடையது. நான் டொங்காட்டில் உயிரியல் டீச்சராக இருந்தவள், எனக்கே இந்தக் கதி. மாண்டரின் பகல் முழுவதும் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். தின்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக் கோபெபாட் பூச்சிகள். நாம் போடுகிற சாப்பாட்டைப் பெரும்பாலானவை திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் அளவு புதுத் தொட்டியில் இருக்கிற பூச்சியை ஒரு மாதத்தில் முடித்துவிடும். என்னுடையது சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, வயிறு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தலை பெரிதாக, முதுகு கத்தி மாதிரி. அப்போது தெரிந்து என்ன செய்ய. பண்ணையில் வளர்ந்து தீவனம் தின்னப் பழகியது கிடைத்தால், அதுவும் ஒரு வருஷம் கழித்து, யோசிக்கலாம்.

கோரல் பேண்டட் இறாலை என்னிடம் நான்கு வருஷம் வைத்திருந்தேன். மீனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நடுவில் ஒரு கிளீனர் இறாலை விட்டேன், ஒரே வாரம், மீசை மட்டும் மிச்சம். இரண்டில் ஒன்றுதான். கிளீனர் இறாலைத்தான் நான் சொல்வேன், கையை விட்டால் நகத்தைச் சுத்தம் செய்ய ஏறி வரும், உங்கள் பெண் நீல டேங்கை மறந்துவிடுவாள். இரண்டாக வாங்கினால் இரண்டும் முட்டை சுமக்கும், ஆண் பெண் என்று அவற்றில் தனித்தனி இல்லை. குஞ்சு பொரிக்கும் ராத்திரி மீன்களுக்கு விருந்து. ஆனால் மீன் மேல் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கிளீனர் இறால் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

துறவி நண்டு இருபது எதற்கு? பெயர்தான் துறவி. சங்குக்காக நத்தையைக் கொன்று குடியேறும் ஆசாமிகள். சின்னதாக நான்கைந்து போதும், பக்கத்தில் காலிச் சங்கு கொஞ்சம் போட்டு வையுங்கள். பாசிக்கு ட்ரோக்கஸ் நத்தை ஐந்தாறு. கவிழ்ந்து விழுந்தால் தானே புரண்டு எழும், அஸ்ட்ரேயா நத்தையால் முடியாது, நீங்கள்தான் காலையில் எழுந்து திருப்பி வைக்க வேண்டும். மணலுக்கு நசாரியஸ் நான்கு. புதைந்தே கிடக்கும், சாப்பாட்டு வாசனை வந்ததும் பேய்ப் படம் மாதிரி தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எழும். இந்த நசாரியஸின் நம் தென்னாப்பிரிக்க உறவு ஒன்று முகத்துவாரச் சேற்றில் இருக்கிறது. இங்கே ப்ளோம்போஸ் குகையில் ஏறக்குறைய 75,000 வருஷத்துக்கு முன் மனிதர்கள் அந்தச் சங்கில்தான் ஓட்டை போட்டு மணி கோத்தார்கள். பாடத்தில் சொல்லிச் சொல்லி வாய்ப்பழக்கமாகிவிட்டது, மன்னிக்கவும்.

தொட்டிக்கு மேலே வலை மூடி போட்டீர்களா? அதை முதலில் போடுங்கள், மீன் பிறகு. கண்ணாடி மூடி வேண்டாம், நம் ஊர்ப் பிப்ரவரி வெக்கையில் தண்ணீர் 29-க்குப் போகும். வலை என்றால் மேலே சின்ன ஃபேன் வைக்கலாம், ஆவியாகிச் சூடு இறங்கும். குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் இல்லை. உப்பு ஆவியாகாது. இதில் புதியவர்கள் நிறையப் பேர் தவறுவார்கள்.

இன்னொன்று. 2023-இல் லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்ட் நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது என் தெருவில் இரண்டு பேர் தொட்டியை இழந்தார்கள். கரண்ட் போனால் முதலில் தீர்வது பிராணவாயு. மீன் குறைவாக இருந்த என் தொட்டி தாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்கிம்மர், விளக்கு எதுவும் ஓட வேண்டாம், தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்க ஒரே ஒரு வேவ்மேக்கரைப் பேட்டரியில் போட்டுவிடுங்கள்.


லெனேசியாவாசி எழுதியது:

சின்ன எச்சரிக்கை ஒன்று. மீன் மேல் வெள்ளைப் புள்ளி பார்த்த பதற்றத்தில் செப்பு மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றியவன் நான். மீன் பிழைத்தது. இறால், நத்தை, நண்டு, புழு எல்லாம் மறுநாள் காலை போச்சு. பாறையும் மணலும் செப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் இறால் விட எனக்குத் தைரியம் வரவில்லை. பாறை முழுவதையும் தூக்கிப் போட்டேன்.

அதனால் 40 லிட்டர் சாதாரணத் தொட்டி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிவிசி குழாய், ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். புது மீன் முதல் நான்கு வாரம் அங்கே. மருந்து எல்லாம் அங்கே. இறாலும் நத்தையும் அங்கே போகக் கூடாது. கடையிலிருந்து வருகிற பைத் தண்ணீரையும் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.


சாட்ஸ்வொர்த்காரன் எழுதியது:

அண்ணா, அக்கா, லெனேசியாவாசி, மூவருக்கும் நன்றி. ஃபிரிட்ஜ் கதவில் பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. நீல டேங் போய்விட்டது, அதற்குப் பதிலாக கிளீனர் இறாலுக்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. இப்போதைய பட்டியல்: ஃபயர்ஃபிஷ் ஒன்று, கோபி ஒன்று துப்பாக்கி இறாலோடு, க்ளவுன் இரண்டு, ராயல் கிராமா ஒன்று. கிளீனர் இறால் ஒன்று, பெப்பர்மின்ட் இரண்டு, நத்தைகள் அக்கா சொன்ன கணக்கு, துறவி நண்டு நான்கு. பாறையைத் தூக்கிப் பார்த்தேன், அண்ணா சொன்ன மாதிரியே மணல் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை.

ஒரு சந்தேகம். பாறைக் குட்டைகளில் குட்டி மீனும் நண்டும் நத்தையும் சும்மா கிடக்கின்றனவே. நத்தையையாவது அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாமா? கடல் தண்ணீரையும் கேனில் பிடித்தால் உப்புச் செலவு மிச்சம் என்று மைத்துனர் சொல்கிறார்.


கரைவலைப்பேரன் எழுதியது:

மைத்துனரிடம் 2022 ஏப்ரல் வெள்ளத்தை ஞாபகப்படுத்துங்கள். அதற்குப் பிறகு கழிவுநீர் கலந்து நம் கடற்கரைகளை எத்தனை தடவை மூடினார்கள். கால் நனைக்க யோசிக்கிற தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்ற வேண்டாம். உப்பு வாங்குங்கள், ஆர்ஓ தண்ணீரில் கலக்குங்கள்.

குட்டையிலிருந்து எடுப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதையுமே எடுக்கக் கூடாத பகுதிகளும் உண்டு. சட்டத்தை விடுங்கள், பொருந்தவும் பொருந்தாது. குட்டையில் இருக்கிற நண்டு விரல் நுனி அளவில் அழகாக இருக்கும். வளரும், ராத்திரியில் தூங்குகிற கோபியைப் பிடிக்கும், ஒருநாள் தொட்டியை விட்டு ஏறிச் சோபாவுக்கு அடியில் செத்து நாறும். அங்கே இருக்கிற குட்டி மீன்கள் அலை அடித்து வெயில் காய்ந்து வளர்கிறவை, ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதே பல மீனுக்குப் பிழைப்பு. உங்கள் வலை மூடியை அன்றாடம் சோதிக்கும்.

மகளுக்குக் கடல் மீன் காட்ட வேண்டுமென்றால் உஷாகா மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சொட்வானா கடற்கரைக்குப் போய் ஸ்நார்க்கல் போடச் சொல்லுங்கள். நம் கடலிலும் க்ளவுன் உண்டு, அல்லார்டி என்று வேறு ஜாதி, கென்யாவிலிருந்து டர்பன் வரை இருக்கிறது. அதை அதன் அனிமோனில் பார்த்தால் நீல டேங் வழக்கு நிரந்தரமாகத் தள்ளுபடி.


சாட்ஸ்வொர்த்காரன் எழுதியது:

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். கிராமா மட்டும் பாக்கி, அது தனித் தொட்டியில் மூன்றாவது வாரம். க்ளவுன் இரண்டும் ஸ்கிம்மர் மூலையில் தூங்குகின்றன. ஃபயர்ஃபிஷ் முதல் நான்கு நாள் கண்ணிலேயே படவில்லை, போய்விட்டது என்றே நினைத்தேன், ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தது.

பெப்பர்மின்ட் வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். தொட்டியில் பெப்பர்மின்ட் என்று சீட்டு ஒட்டி ஐந்து இறால். குனிந்து கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்த்தேன். மூன்று கண்ணாடி உடம்பு, இரண்டு கூன். கடைப் பையன் வலையை நேராகக் கூனுக்குத்தான் கொண்டு போனான், அதுதான் பளிச்சென்று இருந்தது. வேண்டாம், அந்த மங்கலான இரண்டைக் கொடு என்றேன். "அங்கிள், இதுதான் சூப்பர்" என்கிறான். நான் ஒட்டகம், டர்பனென்சிஸ் என்றெல்லாம் ஆரம்பித்ததும் என் மனைவி கடையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். பத்து நாளில் அய்ப்டேசியா ஒன்றுதான் பாக்கி, சோயாந்திட் அப்படியே இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. மூன்று ராத்திரியாக ஹாலில் "டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரியே கேட்கிறது. டார்ச் அடித்து நாலு மூலையும் தடவிப் பார்த்துவிட்டேன், ஈரமே இல்லை. மனைவி தொட்டிக்குக் கீழே துண்டு விரித்துப் படுக்கிறாள். பழைய தொட்டி, சிலிக்கான் போய்விட்டதா?


உப்புத்தண்ணி அக்கா எழுதியது:

துண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது உங்கள் துப்பாக்கி இறால். பெரிய கொடுக்கை வேகமாக மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி வெடிக்கிற சத்தம் அது. யாரோ வளை வாசல் பக்கம் போயிருக்கிறார்கள், அநேகமாகத் துறவி நண்டு.